ஒரு தீவு, ஒரு பறவை, ஒரு பெயர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



கவிஞர்கள் கூடியுள்ள அவையில் ஒரு பயணத் திட்டம் உரைப்பொருளாவது சிலர்க்கு வியப்பைத் தரலாம். எந்த மாதம் புறப்படுவது, எந்தத் தீவில் எத்தனை நாள் தங்குவது, எங்கே படகு, எங்கே வானூர்தி என்னும் கணக்குகளுக்கும் கவிதைக்கும் என்ன உறவு என்று வினவலாம். உறவு உண்டு. தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தோடும் உணவோடும் மரத்தோடும் பறவையையும் சேர்த்தே எண்ணுகிறது. குறிஞ்சிக்குக் கிளி, முல்லைக்குக் கானக்கோழி, மருதத்துக்கு நீர்க்கோழி என உரைகாரர் பகுத்துக் காட்டுவர். நிலம் மாறினால் பறவை மாறும். பறவையைச் சொன்னாலே நிலம் விளங்கும். இக்கோட்பாட்டைத் தமிழர் இலக்கிய மரபாகக் கற்கின்றனர். அது வெறும் மரபன்று, உயிரியல் உண்மையும் ஆகும் என்பதைக் கண்கூடாகக் காட்டும் இடங்கள் உலகில் சிலவே. அவற்றுள் ஒன்று கரீபியக் கடலின் கிழக்கு விளிம்பில் உள்ள சிறு அண்டிலீஸ் தீவுகள். அங்குப் பறவை காணச் செல்ல விரும்பும் ஒருவர் தம் பயணத்தை எவ்வாறு வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள். அவ்வாறு வகுக்கும்போது ஒரு கவிஞர்க்கும் அதிலிருந்து சில செய்திகள் கிட்டும்.

வில் போன்ற தீவு வரிசை

வடக்கே ஆன்டிகா, பார்புடா, மொன்செராட்; அடுத்துக் குவாதலூப், டொமினிக்கா, மார்த்தினிக்; அதன் தெற்கே செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா. இவை வில்லைப் போல் வளைந்து நிற்கின்றன. பார்புடா போன்ற தாழ்ந்த சுண்ணாம்புத் தீவுகள் சிலவற்றை ஒதுக்கினால், ஏனையவை பெரும்பாலும் கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகளே. எக்காலத்தும் பெருநிலத்தோடு ஒட்டியிராதவை. ஆகவே அங்குள்ள ஒவ்வொரு நிலப்பறவையின் முன்னோரும் கடல் கடந்தே வந்திருத்தல் வேண்டும். புயலால் தள்ளப்பட்டோ வழி தவறியோ வந்த சில பறவைகள் ஒரு தீவில் தங்கின. அவற்றின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகத் தனித்து வாழ்ந்து வேறோர் இனமாயின.

பெரிய தீவுகளுக்கு இடையேயுள்ள கடற்பரப்பு பல இடங்களில் 30 முதல் 50 கிலோமீட்டரே. வானம் தெளிந்த நாளில் ஒரு தீவின் மலை அடுத்த தீவிலிருந்து கண்ணுக்குப் புலப்படும். ஆயினும் டொமினிக்காவின் கிளி மார்த்தினிக்குக்குச் செல்வதில்லை. செயின்ட் லூசியாவின் கிளி செயின்ட் வின்சென்டுக்குச் செல்வதில்லை. சிறகு இருந்தும் அவை கடப்பதில்லை. இன்று டொமினிக்காவில் இரண்டு, செயின்ட் லூசியாவில் ஒன்று, செயின்ட் வின்சென்டில் ஒன்று என நான்கு கிளியினங்கள் இவ்வரிசைக்கே உரியனவாக எஞ்சியுள்ளன. நான்கும் தத்தம் தீவை அன்றி வேறெங்கும் இயற்கையாய் வாழ்வதில்லை.

இத்தீவுகளின் பறவைகளை முறையாகத் தொகுத்தவர் பிலடெல்பியாவின் இயற்கை அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அறிஞர் ஜேம்ஸ் பாண்ட். அவருடைய 'மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகள்' 1936இல் வெளிவந்தது. ஜமைக்காவில் வாழ்ந்த நாவலாசிரியர் இயன் ஃபிளெமிங், 1953இல் வெளிவந்த தம் முதல் நாவலின் உளவாளிக்குப் பெயர் தேடியபோது இந்நூலின் அட்டையிலிருந்தே அதை எடுத்துக்கொண்டார். உலகம் உளவாளியை அறியும், பறவையறிஞரை அறியாது. அவ்வறிஞர் நிலைநாட்டிய உண்மை ஒன்று பயணத் திட்டத்துக்கு இன்றியமையாதது. இத்தீவுகளின் பறவைகள் பெரும்பாலும் வட, நடு அமெரிக்கப் பறவைகளோடு உறவுடையவை. அடுத்துள்ள தென்னமெரிக்கப் பறவைகளோடு அன்று. டொபாகோவும் திரினிதாதும் ஒருகாலத்தில் தென்னமெரிக்க நிலத்தோடு ஒட்டியிருந்தவை. அவற்றின் பறவைகள் அந்நிலத்துப் பறவைகள். எனவே கிரெனடாவுக்கும் டொபாகோவுக்கும் இடையே, கடலில் எவரும் காணாத ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது. அக்கோட்டின் வடபுறத்தோடு பயணத்தை நிறுத்திக்கொள்வதே முறை. எல்லாவற்றையும் காண விழைபவர் எதையும் காணாது திரும்புவர்.

திட்டம் வகுப்போர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று: எக்காலம்? எவ்வழி? எப்பெயர்?

எக்காலம்

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை எனக் கொள்ளப்படுகிறது. அப்பருவத்தில் செல்வது அறிவுடைமையன்று. ஜூன், ஜூலை மாதங்களில் பெரும்புயல் வாராது என்று முன்னர்ப் பலரும் நம்பினர். 2024ஆம் ஆண்டு ஜூலை 1இல் பெரில் என்னும் பெரும்புயல் கிரெனடாவைச் சார்ந்த கரியாகூ தீவை அழித்தது. ஆகவே பிப்ரவரி முதல் மே வரையிலான வறண்ட பருவமே ஏற்றது. மழை குறைவு, மலைப்பாதைகள் நடக்கத்தக்கனவாய் இருக்கும். கிளிகள் இணைசேர்ந்து மரப்பொந்துகளில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பதும் இப்பருவத்திலேயே. குரல் எழுப்பிப் பறக்கும் அவற்றை விடியற்காலையிலும் அந்தியிலும் காண்பது எளிது. பார்புடாவின் காயலில் ஃபிரிகேட் என்னும் கடற்பறவைகள் செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரை கூடு கட்டி வாழ்கின்றன. மார்ச் மாதத்தைத் தேர்ந்தால் இரண்டும் கைகூடும்.

புயலைப் பற்றிய இச்செய்தி பயணியின் வசதிக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. ஒரே தீவில் வாழும் உயிர்க்கு ஒரே புயல் போதும். 1979இல் டேவிட் புயல் டொமினிக்காவின் காடுகளைச் சிதைத்தது. 2004இல் ஐவன் கிரெனடாவையும், 2017 செப்டம்பர் 6இல் இர்மா பார்புடாவையும், அதே மாதம் 18இல் மரியா மீண்டும் டொமினிக்காவையும் தாக்கின. காலண்டரைப் பார்த்து நாள் குறிக்கும் பயணி, அக்காலண்டரின் மறுபாதியில் அப்பறவைகள் எதை எதிர்கொண்டு வாழ்கின்றன என்பதையும் உணர்தல் வேண்டும்.

எவ்வழி

வடக்கிலிருந்து தெற்காகச் செல்வதே நேரிய வழி. மூன்று வாரம் தேவை. பார்புடாவுக்கும் மொன்செராட்டுக்கும் இவ்விரண்டு நாள், குவாதலூப்புக்கு இரண்டு, டொமினிக்காவுக்கு மூன்று, மார்த்தினிக்குக்கு இரண்டு, செயின்ட் லூசியாவுக்கு மூன்று, செயின்ட் வின்சென்டுக்கும் கிரெனடாவுக்கும் இவ்விரண்டு, எஞ்சியவை பயணத்துக்கும், கடல் கொந்தளித்தால் காத்திருப்பதற்கும். குவாதலூப் முதல் செயின்ட் லூசியா வரையுள்ள நான்கு தீவுகளுக்கிடையே விரைவுப் படகுகள் ஓடுகின்றன. ஏனையவற்றுக்குச் சிறு வானூர்திகள் உண்டு. குவாதலூப்பும் மார்த்தினிக்கும் 1946 முதல் பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்கள்; அங்கு யூரோ செல்லும். ஆயினும் அவை ஷெங்கன் எல்லைக்குள் அடங்காதவை ஆதலின், ஐரோப்பாவுக்குப் பெற்ற நுழைவிசைவு கொண்டு அங்குச் செல்லலாம் எனக் கருதிவிடலாகாது. இவ்வரிசையின் ஏனைய தீவுகளில் கிழக்குக் கரீபிய டாலர் செல்லும்.

பயணம் தொடங்கும் ஆன்டிகாவின் வானூர்தி நிலையத்துக்குப் 'பறவை' எனப் பொருள்படும் பெயர் அமைந்திருப்பது ஒரு விந்தை. நாட்டின் முதல் தலைமையமைச்சரும், கரும்புத் தோட்டத் தொழிலாளர் உரிமைக்குப் போராடிய சங்கத் தலைவருமான வியர் கார்ன்வால் பேர்ட் என்பாரின் பெயர் அது. அங்கிருந்து வடக்கே பார்புடா. உயர்ந்த இடமே ஏறத்தாழ 40 மீட்டரேயான தட்டைத் தீவு. பார்புடா வார்ப்ளர் என்னும் மஞ்சள் நிறச் சிறுகுருவி உலகில் அங்கு மட்டுமே உள்ளது. இர்மா அடித்த இரவுக்குப் பின் தீவில் வாழ்ந்த ஏறத்தாழ 1,800 மக்களும் ஆன்டிகாவுக்கு அப்புறப்படுத்தப்பட்டனர். சில நாள் அத்தீவில் மனிதரே இல்லை. குருவி இருக்கிறதா என்று எவர்க்கும் தெரியவில்லை. பின்னர்ச் சென்ற ஆய்வாளர்கள் ஒடிந்த புதர்களுக்கிடையே அதன் குரலைக் கேட்டனர். சிதறிப்போன ஃபிரிகேட் பறவைகளும் காயலுக்குத் திரும்பின. சில கிராம் எடையுள்ள ஓர் உயிர் அப்பெருங்காற்றைத் தாங்கி நின்றது என்பது எக்கவிஞரின் கற்பனைக்கும் குறைந்ததன்று.

மொன்செராட்டில் 1995 ஜூலையில் எரிமலை விழித்தது. தலைநகர் பிளிமத் சாம்பலில் புதைந்தது. மக்களுள் பெரும்பாலோர் நாட்டை விட்டு நீங்கினர். தீவின் தென்பாதி இன்றும் தடைசெய்யப்பட்ட பகுதி. ஆண்பறவை கருப்பும் பொன்மஞ்சளுமாய் ஒளிரும் மொன்செராட் ஓரியோலின் காடுகளுள் பெரும்பகுதி அழிந்தது. 1999இல் ஜெர்சித் தீவின் விலங்குக் காப்பகம் சில பறவைகளைக் கொண்டுசென்று காப்பில் வைத்து இனம் பெருக்கியது. நடுமலைக் காட்டில் எஞ்சியவை தாமாகவே நிலைத்தன. தலைநகரை இழந்த அம்மக்களுக்கு அது நாட்டுப் பறவை.

அடுத்தது குவாதலூப். சிறு அண்டிலீஸ் முழுமையிலும் நிலையாக வாழும் ஒரே மரங்கொத்தி இத்தீவுக்கே உரியது. கரிய உடலும் செந்நிறம் பூத்த வயிறும் உடையது. 'தட்டுவது' என்னும் பொருளில் 'தபே' என அதனைக் கிரியோல் மொழியில் அழைப்பர். மரங்கொத்தியைக் கண்டு மகிழும் பயணி, காணக் கிடைக்காத ஒன்றையும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். இத்தீவுக்கும் மார்த்தினிக்குக்கும் தத்தமக்குரிய கிளிகள் இருந்தன. பதினேழாம் நூற்றாண்டில் இங்கு வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் து தெர்த்தரும், அவருக்குப் பின் வந்த பாதிரியார் லபாவும் அவற்றைக் கண்டு எழுதியுள்ளனர். ஒரு தீவின் கிளிக்கும் அடுத்த தீவின் கிளிக்கும் உள்ள நிற வேறுபாட்டைக்கூட லபா குறித்துள்ளார். பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் அவை மறைந்தன. ஒரு தோலும் எஞ்சவில்லை, எஞ்சியவை அவ்வெழுத்துக்களே.

மறைவுக்குக் காரணம் வேட்டையும் கரும்பும். தாழ்நிலக் காடுகள் வெட்டப்பட்டுக் கரும்பு வயல்களாயின. வயலில் உழைக்க ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொணரப்பட்டனர். 1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்ததும், அவ்விடத்தை நிரப்ப இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுவரப்பட்டனர். 'ஒரேலி' என்னும் கப்பல் 1853இல் மார்த்தினிக்கையும், 1854 டிசம்பர் 24இல் குவாதலூப்பையும் அடைந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரம் பேருக்குமேல் வந்தனர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய அவருள் தமிழர் மிகப் பலர். காப்பெஸ்தேரில் உள்ள மாரியம்மன் கோயிலை இன்றும் காணலாம். மதுரைவீரனின் பெயர் 'மால்தெவிலென்' எனத் திரிந்து வழங்குகிறது. வழிவந்தோர் பேசுவது கிரியோலும் பிரெஞ்சும். தமிழ் பூசைப் பாடல்களில் மட்டும், பொருள் முழுதும் விளங்காத ஒலியாக எஞ்சியுள்ளது. கிளி போன காட்டிலே தமிழ் வந்து சேர்ந்தது. அதுவும் ஏறத்தாழ அக்கிளியின் வழியிலேயே சென்றது.

டொமினிக்காவின் நிலை வேறு. செங்குத்தான மலைகள் கரும்புக்கு இடங்கொடுக்கவில்லை. எனவே காடு நின்றது. காட்டோடு இரண்டு கிளிகளும் நின்றன. ஒன்று ஜாக்கோ. மற்றொன்று சிஸ்ஸரு, ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் நீளமுள்ள இது தன் பேரினத்துக் கிளிகளுள் மிகப் பெரியது, ஊதா மார்பு உடையது. 1978இல் விடுதலை பெற்ற நாடு தன் கொடியின் நடுவில் இக்கிளியை வைத்தது. 1,447 மீட்டர் உயரமுள்ள தியாபிளோத்தென் மலையின் அடிவாரத்தில் உள்ள சிண்டிகேட் என்னுமிடம் இவற்றைக் காண்பதற்கு ஏற்றது. மலையின் பெயரே ஒரு பறவையின் பெயர். இரவில் அலறும் கடற்பறவை ஒன்றைச் 'சிறு பேய்' எனப் பொருள்படப் பிரெஞ்சு மக்கள் அவ்வாறு அழைத்தனர். 2017இன் மரியா புயலுக்குப் பின் உணவு தேடி ஜாக்கோக்கள் தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் இறங்கின. பின்னர் ஓரளவு தேறின. சிஸ்ஸருவோ இன்று மிக அரிதாகவே காணப்படுகிறது. மூன்று நாள் தங்கியும் அதைக் காணாது திரும்ப நேரலாம். அதனைத் திட்டத்தின் தோல்வியாகக் கருதலாகாது.

மார்த்தினிக்கில் கராவெல் தீபகற்பத்து வறண்ட காட்டில் வெண்மார்புத் திராஷர் என்னும் பறவை உண்டு. அதன் உறவினம் அடுத்த செயின்ட் லூசியாவில் மட்டுமே வாழ்கிறது. 1902 மே 8இல் பெலே எரிமலையால் ஏறத்தாழ 28,000 பேர் மாண்ட செயின்ட் பியேர் நகரும் இத்தீவினதே.

செயின்ட் லூசியாவில் இருவேறு வரலாறுகள் அருகருகே கிடக்கின்றன. கரும்பு வயல்களின் எலியை ஒழிக்க 1872இல் கல்கத்தாவிலிருந்து ஜமைக்காவுக்குக் கீரிகள் கொண்டுசெல்லப்பட்டன. அங்கிருந்து அவை பிற தீவுகளுக்கும் பரப்பப்பட்டன. செயின்ட் லூசியாவில் செம்பர் வார்ப்ளர் என்னும் சாம்பல் நிறக் குருவி ஒன்று இருந்தது. கிரியோல் பெயர் 'வெண்கால்' எனப் பொருள்படும். தரையருகே வாழ்ந்த அது கீரிக்கு இரையாகியிருக்கலாம் என்பர். ஐயமற அது காணப்பட்டது 1961இல். அதற்குப்பின் உறுதியான செய்தி இல்லை.

மற்றொரு வரலாறு கிளியினுடையது. 1970களின் நடுவில் செயின்ட் லூசியக் கிளிகள் ஏறத்தாழ நூறே எஞ்சியிருந்தன. அப்போது மாணவராக வந்து, பின் அந்நாட்டு வனத்துறையில் பணியாற்றிய இங்கிலாந்து இளைஞர் பால் பட்லர், வேலியையும் காவலையும் மட்டும் நம்பவில்லை. அக்கிளி வேறெங்கும் இல்லை, இவர்களுடையது என்பதை மக்களுக்கு உணர்த்த முற்பட்டார். 1979இல் நாடு விடுதலை பெற்ற ஆண்டிலேயே அது நாட்டுப் பறவையாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் அதன் வேடம் புனைந்தனர். அதைப் பற்றிப் பாட்டுகள் கட்டப்பட்டன. ஊர்தோறும் சென்ற பேருந்தில் அதன் படம் இருந்தது. சட்டமும் கடுமையாயிற்று. கிளிகள் பெருகி ஆயிரத்தைத் தாண்டின. ஒரு பறவை மீண்டது. அதனை மீட்டதில் சட்டத்துக்கு உள்ள பங்கு பாட்டுக்கும் உண்டு. கவிஞர்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் தகும்.

தெற்கே செயின்ட் வின்சென்ட். 1861 ஜூன் 1இல் சென்னையிலிருந்து 'திருவாங்கூர்' என்னும் பெயருடைய கப்பல் இந்தியத் தொழிலாளரை இறக்கிய தீவு. இதன் கிளி பொன்னும் நீலமும் பச்சையும் வெண்மையும் கலந்தது. ஒன்றைப்போல் மற்றொன்று இராது என்னுமளவுக்கு நிறம் வேறுபடும். 2021 ஏப்ரல் 9இல் சூஃப்ரியர் எரிமலை வெடித்தபோது கிளியும், இத்தீவுக்கே உரிய சீழ்க்கை வார்ப்ளரும் வாழும் காட்டின் மீது சாம்பல் படிந்தது. இரண்டும் பிழைத்துள்ளன. இறுதியாகக் கிரெனடாவின் முட்புதர்க் காட்டில் உள்ள கிரெனடாப் புறா. நாட்டுப் பறவையாகிய அதுவும் அழிவின் விளிம்பில் நிற்பது. ஆழ்ந்த ஒற்றைக் கூவலாகவே பெரும்பாலும் அது தன்னை அறிவிக்கும். கண்ணுக்குப் புலப்படுதல் அரிது.

எப்பெயர்

வழியும் காலமும் வகுத்தபின் எஞ்சுவது பெயர். ஒரு பறவைக்கு அறிவியற் பெயர், ஆங்கிலப் பெயர், ஊர்ப்பெயர் என மூன்றுண்டு. பயணி இம்மூன்றையும் எழுதிச் செல்லுதல் நன்று. ஆங்கிலப் பெயர் நூலில் தேடுவதற்கு. அறிவியற் பெயர் ஐயம் நீங்குவதற்கு. ஊர்ப்பெயர் மக்களிடம் கேட்பதற்கு. டொமினிக்காவின் ஜாக்கோவும் செயின்ட் லூசியாவின் ஜாக்கோவும் பெயரால் ஒன்று, இனத்தால் வேறு. ஊரைச் சேர்த்துச் சொன்னாலன்றிப் பெயர் பொருள் தாராது.

சிஸ்ஸரு என்பது இத்தீவுகளின் பழங்குடியினராகிய கலினாகோ மக்கள் வைத்த பெயர். அவர்தம் மொழியைப் பாதிரியார் ரெமோன் பிரெத்தோன் டொமினிக்காவில் தங்கிக் கற்று, 1665இல் அகராதியாக அச்சிட்டார். மக்கள் இன்றும் டொமினிக்காவில் தமக்குரிய நிலப்பகுதியில் வாழ்கின்றனர். அத்தீவில் அவர்தம் மொழியோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கொழிந்தது. குவாதலூப்பில் பறவை போய் எழுத்து எஞ்சியது. இங்கு மொழி போய்ப் பறவையும் அதன் பெயரும் எஞ்சின. அப்பறவையும் போகுமாயின் அப்பெயர் எதன் மீது நிற்கும்?

இவ்வரிசையில் பிறந்த இரு கவிஞர்கள் நோபல் பரிசு பெற்றனர் என்பதை அவையோர் அறிவர். 1960இல் பெற்ற சென்-ஜான் பெர்ஸ் 1887இல் குவாதலூப்பில் பிறந்தவர். ஓவியர் பிராக்கின் படைப்புகளோடு இணைந்து 1962இல் வெளிவந்த அவருடைய படைப்பு பறவைகளையே பொருளாகக் கொண்டது. 1992இல் பெற்ற டெரிக் வால்காட் செயின்ட் லூசியாவில் பிறந்து 2017இல் அங்கேயே மறைந்தவர். 1990இல் வந்த அவருடைய 'ஒமெரோஸ்' காவியத்தில் ஒரு கடல் உழவாரக்குருவி மீனவனை ஆப்பிரிக்காவுக்கு வழிநடத்துகிறது. 2010இல் வந்த அவர் தொகுதியின் பெயர் 'வெண்கொக்குகள்'. அவர்தம் நோபல் உரை திரினிதாதின் சிற்றூர் ஒன்றில் இந்திய வழியினர் நடத்தும் இராமலீலையில் தொடங்குகிறது. அந்தியில் சதுப்புக்குத் திரும்பும் செந்நிற அரிவாள்மூக்கன்கள் அவ்வுரையில் இடம்பெறுகின்றன. 'ஒரு பறவை பறந்தது' என்று அவர் எழுதுவதில்லை. எப்பறவை, எந்நீர், எவ்வேளை என்பது அவர் எழுத்தில் தெளிவாக இருக்கும். அத்தெளிவே அச்சிறு தீவை உலகம் அறியச் செய்தது.

இன்று தமிழில் எழுதப்படும் கவிதைகளில் பறவை நிறைய உண்டு. அது விடுதலையின் குறியீடாகவும் தனிமையின் உவமையாகவும் வருகிறது. ஆனால் பெயர் பெரும்பாலும் இல்லை. கூடு உண்டு, எம்மரத்துக் கூடு என்பதில்லை. சங்கச் சான்றோர் நாரையையும் குருகையும் அன்றிலையும் வேறுவேறாகக் கண்டு பெயரிட்டு அழைத்தனர். அப்பெயர்களுள் சில இன்று எப்பறவையைக் குறித்தன என அறிஞர் வாதிடும் நிலை வந்துள்ளது. பொதுச்சொல் ஒன்று பல பெயர்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாயின், பின்னர் அப்பறவைகள் குறைவதும் எவர் கண்ணிலும் படாது. பெயர் தெரியாததன் இழப்பை எவரும் உணர்வதில்லை. செம்பர் வார்ப்ளரின் மறைவு இங்கு எண்ணத்தக்கது.

செல்வோர் கடைப்பிடிக்கத்தக்கன

இனிச் செல்ல எண்ணுவோர்க்குச் சில. வனத்துறையிடம் முன்னரே இசைவு பெறுக. உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்க. அவர் பெறும் கூலியே அக்காட்டை நிற்கச் செய்யும் காரணங்களுள் ஒன்று. விடியுமுன் காட்டை அடைக. கனமில்லாத இருகண் தொலைநோக்கி போதும். பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைத்தல் இனம் பெருக்கும் பருவத்தில் தீங்கு, அதைத் தவிர்க்க. பொந்தின் அருகே செல்லற்க. இறகோ முட்டையோ எடுக்கற்க. ஒரு நாளில் இரு தீவுகளைத் திணிக்கற்க. கண்ட பறவையை எழுதுவது போலவே, காணாத பறவையையும் இடத்தோடும் நாளோடும் எழுதி வைக்க. காணாமையும் பின்வருவோர்க்கு ஒரு சான்றாகும்.

அத்துணைத் தொலைவு செல்லப் பொருளும் பொழுதும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. திட்டத்தை வகுத்துப் பார்ப்பதற்கு எப்பொருளும் வேண்டுவதில்லை. எக்காலம், எவ்வழி, எப்பெயர் என்னும் மூன்று வினாக்களும் உள்ளூர்க் குளத்துக்கும் பொருந்தும். அக்குளத்தில் கார்த்திகையில் வருவது எது, பங்குனியில் நீங்குவது எது, கரையில் நிற்பது மடையானா சின்னக் கொக்கா, அதனை அவ்வூர்ப் பெரியவர்கள் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதை இவ்வட்டத்துக் கவிஞர் ஒவ்வொருவரும் கேட்டறிந்து எழுதி வைப்பாராயின், பத்தாண்டு கழித்து வெளிவரும் அடுத்த மலரில் ஒரு நல்ல பட்டியல் இடம்பெறும். அதிலிருந்து கவிதைகளும் பிறக்கும்.

பத்தாண்டு கண்ட இவ்விலக்கிய வட்டம் நூறாண்டு காண்க.